பியர்ஸ் ஊரில் பார்த்த கார்கள்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. அந்தக் கடிதத்தின் கடைசியில் நீ போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய்: அரிய பழைய கார்களெல்லாம் பெருநகரங்களில் கிடைக்காமல், பெயர் தெரியாத சிற்றூர்களின் கொட்டகைகளிலேயே ஏன் அகப்படுகின்றன? இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நெப்ராஸ்கா மாநிலத்தில் நான் நேரில் பார்த்த பியர்ஸ் என்ற ஊரைப் பற்றி எழுதுவதே மேல் என்று நினைக்கிறேன்.

ஒமாஹாவுக்கு வடமேற்கே, சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,800. அங்கே ரே லாம்பிரெக்ட் என்பவர் 1946-இல் செவ்ரோலே கார்களை விற்கும் கடையைத் தொடங்கி, மனைவி மில்ட்ரெட்டின் துணையோடு ஐம்பது ஆண்டுகள் நடத்தி, 1996-இல் மூடினார். சாதாரண வியாபாரி என்றால் ஆண்டு முடிந்தும் விலை போகாமல் நிற்கும் வண்டியைத் தள்ளுபடி கொடுத்தாவது தலைமுழுகிவிடுவார். இவரோ தம்மால் கட்டுப்படியாகும் குறைந்த விலையை முதலிலேயே சொல்லிவிடுவார். அதற்கு மேல் பேரம் கிடையாது. அந்த விலைக்கும் போகாத புதிய வண்டிகளைக் கிடங்கில் ஏற்றிவிட்டு, அடுத்த ஆண்டு வண்டிகளை வரவழைத்துக்கொண்டார். புதிய வண்டி வாங்கியவர்கள் அதற்கு ஈடாகக் கொடுத்த பழைய கார்களையும் பெரும்பாலும் மறுபடி விற்காமல், ஊருக்கு வெளியே தம் பண்ணை நிலத்தில் வரிசையாக நிறுத்திவைத்தார். இப்படியே சேர்ந்தவை சுமார் 500 வண்டிகள். சேகரிப்பாளர் என்ற எண்ணமே இல்லாமல் ஒருவர் இவ்வளவு சேர்த்தார் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. நகரத்தில் இது நடந்திருக்க முடியாது. அங்கே வாடகையும் வரியும் உயர உயர, இரண்டே ஆண்டுகளில் அத்தனையும் காயலான் கடைக்குப் போயிருக்கும். பியர்ஸில் இடம் ஒரு செலவாகவே இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு இதில் ரகசியம் எதுவும் இருந்ததில்லை. வெளியூர்க்காரர்களாகிய நாம்தான் புதையல் கிடைத்ததுபோல் வியந்தோம்.

2013 செப்டம்பர் 28, 29 தேதிகளில் அந்த வண்டிகளின் ஏலம் நடந்தது. பல ஆயிரம் பேர் திரண்ட அந்த வயலுக்கு நானும் போயிருந்தேன். வாங்கும் எண்ணம் இல்லை; கமலா உடன் வந்திருந்ததால், அப்படி ஓர் எண்ணம் வந்திருந்தாலும் பயனில்லை. ஏலக்காரர்கள் வண்டிகளைக் கழுவாமல், படிந்த தூசியோடு அப்படியே நிறுத்தியிருந்தார்கள். 1963-ஆம் ஆண்டு செவ்ரோலே இம்பாலா கார் ஒன்றின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஆலையில் இருக்கைகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. அது ஓடியிருந்த தூரம் 11 மைல். ஆனால் பானட்டின் மேல் பாலாடைபோலத் தூசி படிந்து, அடியிலிருந்த வண்ணம் என்னவென்று தெரியவே இல்லை. அது 97,500 டாலருக்குப் போனது. 1958-ஆம் ஆண்டு கேமியோ பிக்கப் (சிறு சரக்கு வண்டி) ஒன்று, ஓடியது வெறும் 1.3 மைல், கூரையில் நசுங்கல் வேறு, 1,40,000 டாலர். இவற்றில் பலவற்றுக்கு உரிமையாளர் பெயரே எழுதப்பட்டதில்லை. ஆலை கொடுத்த சான்றிதழ்தான் ஒரே காகிதம். மொத்த ஏலத்தொகை சுமார் 28 லட்சம் டாலர் என்றார்கள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஓடாமலே இருந்ததற்காக அவ்வளவு பணம் கொடுத்தவர் அந்தக் காரை ஓட்ட முடியாது. ஓட்டினால் கொடுத்த விலையின் காரணமே போய்விடும். ஓட்ட விரும்பினாலும் உடனே முடியாது. ஐம்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் இறுகி வெடித்திருக்கும், டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், பிரேக் சிலிண்டர்களில் துரு ஏறியிருக்கும். பண்ணையில் நின்றவற்றின் கதி இன்னும் மோசம். அவற்றுக்கிடையே மரங்களே வளர்ந்துவிட்டன. கிராமம் அந்தக் கார்களைப் பழைய இரும்பாகாமல் தடுத்தது உண்மைதான். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரான்சின் மேற்கே, நியோர் நகருக்குப் பக்கத்திலுள்ள எஷிரே என்ற சிற்றூரிலும் கதை ஏறக்குறைய இதுதான், எண்ணம் மட்டும் வேறு. ரோஜே பையோன் என்ற லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர் அருங்காட்சியகம் அமைக்கும் ஆசையில் வாங்கிக் குவித்தார். 1970-களில் தொழில் நொடித்து ஒரு பகுதியை விற்க நேர்ந்தது. மீதி தகரக் கொட்டகைகளிலேயே கிடந்தது. அவற்றை 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் விட்டார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி, முன்பு நடிகர் அலென் தெலோன் வைத்திருந்தது, அது மட்டும் சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. கொட்டகைக்குள் மூடிக் கிடந்த அது தப்பித்தது. திறந்த சார்ப்புகளில் நின்ற பல கார்கள் துருப்பிடித்து எலும்புக்கூடாகிவிட்டன.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குத் தேவகோட்டையில் உன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் ஒரு காரணம். பெயிண்ட் அடித்து, சீட் மாற்றி, புது டீசல் என்ஜின் பொருத்தலாம் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியைத்தான் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய முடியும். அப்பா வைத்திருந்த பழைய பதிவெண்ணையும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். உனக்கு அது போதாதா?

முதலில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கும் அவசரத்தை அடக்கு. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு வாரம் ஊறட்டும். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார். என்ஜின் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. ஹெரால்டில் பானட் மூஞ்சியோடு சேர்ந்து முன்புறம் சாயும் என்பதால் வேலை செய்ய வசதி. அதற்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு; படுத்துக்கொண்டு சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்க வேண்டும். துரு அரித்திருந்தால் மந்தமாகக் கேட்கும்; அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பு. சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், பிரேக்குக்கு வேண்டிய ரப்பர் சாமான்களில் எவை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப் பொருந்தும் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்