டோஸ்டாவை எப்படி விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் பிரேசிலின் தலைசிறந்த ஸ்டிரைக்கர்கள், அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவர்கள், என்று பத்துப் பேரைப் போட்டிருந்தீர்கள். பெலே, ரொமாரியோ, ரொனால்டோ எல்லாம் சரி, அதில் யாருக்கும் தகராறு இருக்காது. ஆனால் 1970 உலகக் கோப்பையில், வழக்கமாக ஸ்டிரைக்கருக்குத் தரும் 9ஆம் எண் சட்டை போட்டு ஆடிய டோஸ்டாவைக் காணோம்! அந்தத் தொடரில் அவர் அடித்தது 2 கோல்தான், இரண்டுமே காலிறுதியில் பெருவுக்கு எதிராக. கோல் கணக்கை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் அவர் விழத்தான் செய்வார்.

கோல் அடிக்கத் தெரியாதவர் இல்லை. 1966இல், 19 வயதில், அவர் ஆடிய க்ரூசேரோ அணி பெலேயின் சான்டோஸை பிரேசில் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் 6-2 என்று துவைத்து எடுத்தது. இன்றுவரை அந்தக் கிளப்புக்கு அதிக கோல் அடித்தவர் அவர்தான். 1970 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் மட்டும் 10 கோல்.

அது முடிந்த கையோடு, 1969 செப்டம்பரில், கொரிந்தியன்ஸுடனான ஆட்டத்தில் பந்து வேகமாக வந்து இடது கண்ணில் அடித்து விழித்திரை பிரிந்துவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை. உலகக் கோப்பைக்கு ஒன்பது மாதம்கூட இல்லை, பந்தைத் தலையால் முட்டவே யோசிக்க வேண்டிய நிலை, இதற்கு நடுவில் பயிற்சியாளரும் மாறி ஸகாலோ வந்தார், பெலேயையும் இவரையும் ஒன்றாக இறக்க முடியுமா என்று அவருக்கே முதலில் சந்தேகம். கடைசியில் டோஸ்டா ஆறு ஆட்டத்திலும் ஆடினார்.

அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்துடனான ஆட்டத்தை யூடியூபில் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் ஆட்கள் சூழ்ந்து நிற்க, இங்கிலாந்து கேப்டன் பாபி மூரின் கால்களுக்கு நடுவில் பந்தைத் தள்ளி எடுத்து, சட்டென்று திரும்பி கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் தூக்கிப் போடுகிறார். பெலே அதை வாங்கி வலது பக்கம் தட்ட, ஜெர்சினியோ அடிக்கிறார். 1-0, ஆட்டமே அந்த ஒரு கோல்தான். கொஞ்ச நேரத்தில் டோஸ்டாவை வெளியே எடுத்து ராபர்ட்டோவை இறக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அப்புறம் உருகுவே அரையிறுதி. பெலே பந்தைத் தொடாமலே கோல்கீப்பரை ஏமாற்றி ஒரு பக்கம் பந்தும் மறுபக்கம் தானுமாக ஓடினாரே, கோல் ஆகாமலே உலகப் புகழ் பெற்ற அந்தக் காட்சியை நீங்களும் படமாகப் போட்டிருந்தீர்கள். அந்தப் பந்தைக் கொடுத்தது யார்? டோஸ்டா. அதே ஆட்டத்தில் க்ளோடோவால்டோ அடித்த சமன் கோலுக்குப் பாஸ் கொடுத்ததும் அவர்தான். இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக கார்லோஸ் ஆல்பெர்டோ அடித்த நாலாவது கோலை எல்லாரும் சிலாகிக்கிறோம். அந்த கோலுக்கான பந்தை, மைதானத்தில் தன் அணியின் பாதிக்கே இறங்கி வந்து பறித்தவர் இந்த ஸ்டிரைக்கர். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது, 3-1 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, எந்த 9ஆம் எண் ஆள் அங்கே வந்து நிற்பான்?

1972இல் வாஸ்கோ ட காமாவுக்குப் போனார். கண் மறுபடி தொல்லை கொடுக்க, 1973இல் 26 வயதில் விளையாட்டையே விட்டார். பிறகு மருத்துவம் படித்து டாக்டராகி, மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். பல வருடம் கால்பந்துப் பக்கமே தலைகாட்டாமல் இருந்து, 1990களில் பத்திரிகைப் பத்தி எழுத்தாளராகத் திரும்பினார். பழைய உலக சாம்பியன்களுக்கு அரசு பரிசுப் பணம் அறிவித்தபோது எனக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

பத்துப் பேரில் யாரை எடுப்பது என்பது உங்கள் பாடு. என் ஓட்டு கேட்டால், இதுவரை ஒரு உலகக் கோப்பையும் ஜெயிக்காத நெய்மாரை எடுத்துவிட்டு இவரைப் போடலாம், நெய்மார் ரசிகர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. அது முடியாது என்றால், அந்த உருகுவே படத்தை அடுத்த முறை போடும்போது பாஸ் கொடுத்தவர் பெயரையாவது கீழே ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகன்,
வியாசர்பாடி, சென்னை