எண்ணூருக்கு கேமராவோட வர்ற தம்பிக்கு

தம்பி,

எண்ணூர் ஆத்துல அனல்மின் நிலையத்து சாம்பல் படியுறத எடுத்து நீ அனுப்பின போட்டோ எல்லாம் பாத்தேன். பத்திரிகைல "இதுல நியூஸ் என்ன இருக்கு"ன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு பொலம்பியிருந்தல்ல, அதுக்குதான் இது, வாட்ஸப்ல ஆரம்பிச்சா பாதிலயே விட்டுடுவேன்.

2017 ஜனவரில காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ பக்கெட்ல அள்ளுற படம் எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கத்துல இருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணெய் எறங்கினப்பவும் அதே கூட்டம், எண்ணெய் அப்பின கூழைக்கடாவ தேடி அலைஞ்சாங்க. தப்புன்னு சொல்லல, அந்தப் படம் இல்லன்னா படகும் வலையும் நாசமானத யாரு திரும்பிப் பாத்திருப்பா? ஆனா எண்ணெய் கருப்பா பளிச்சுன்னு தெரியும், கேமராவுக்கு வசதி. சாம்பல் அப்படி இல்ல. அனல்மின் நிலையத்துல இருந்து செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போற பைப்புல ஒழுகி ஒழுகி கொசஸ்தலை ஆத்துல படியுறத வெளியூர்க்காரன் பாத்தா சும்மா சேறுன்னுதான் நெனப்பான்.

அதனால தயவுசெஞ்சு பிளாக் அண்ட் ஒயிட்ல மாத்தாத. ஸ்டைலாதான் இருக்கு, ஆனா சாம்பலும் சேறும் ஒரே கலராயிடுது, அப்புறம் படத்துல என்ன மிச்சம்? வாயில பறிய, அதான் புடிச்சத போடுற கூடைய, கடிச்சுகிட்டு ரெண்டு கையாலயும் தரைய துழாவி இறால் புடிக்கிற அந்த இருளர் அக்கா, தண்ணிய விட்டு கைய எடுக்கும்போது விரலிடுக்குல வெளிர் சாம்பல் ஒட்டியிருக்கே, அது கலர்லதான் தெரியும்.

சாம்பல் படிஞ்சு மேடாகி, ஆத்து நடுவுலயே முழங்காலளவு தண்ணில ஒரு ஆள் நிக்கிறாரே, அதான் எனக்கு ரொம்ப புடிச்ச படம். ஆனா கேப்ஷன்ல வெறும் "எண்ணூர்"னு போட்டு வெச்சிருக்க! எந்த எடம், எந்த தேதி, தண்ணி ஏறுற நேரமா வத்துற நேரமா, முன்னாடி அங்க எவ்ளோ ஆழம்னு அவரே என்ன சொன்னார், இதெல்லாம் எழுதலன்னா நாளைக்கு கேஸ்ல வெச்சாலும் எதிர் வக்கீல் "வத்தின நேரத்துல எடுத்தது"ன்னு ஊதித் தள்ளிடுவான்.

கல்யாண ஆர்டர் எடுக்குறதுக்கு கூச்சப்படாத, லென்ஸ் இஎம்ஐய இந்த ஆறா வந்து கட்டும்? முகூர்த்தம் இல்லாத அமாவாசையா பாத்து வா, தண்ணி நல்லா ஏறும், அதே எடத்துல அவரையே நிக்கச் சொல்லி எடுப்போம்.