திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் பார்த்த அண்ணாச்சிக்கு நன்றி

போன சனிக்கிழமை எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டி வந்திருந்தேன். 1987இல் திறந்த மையம். நானும் அங்கே பார்த்து வளர்ந்தவள்தான்.

வெளியே மரத்தடியில் புளியோதரை சாப்பிடும்போது, "இந்த வெயில் பொட்டெல்லாம் ஏன் டீச்சர் வட்டமா இருக்கு?" என்றான் ஒருவன். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற நீங்கள்தான் வந்தீர்கள், அண்ணாச்சி. ஒரு அட்டையில் பிளேடால் சின்னதாக முக்கோண ஓட்டை போட்டீர்கள். தரையோரம் பிடித்தபோது முக்கோணம் விழுந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கினீர்கள், வட்டமாகிவிட்டது! "இது ஓட்டையில்ல பிள்ளையளா, சூரியனோட படம். இலை இடுக்கும் இதே வேலைதான் செய்யுது" என்றீர்கள்.

சின்னத் துளை வழியே வரும் வெளிச்சத்தில் படம் விழும் ஊசித்துளைக் கேமராவை இத்தனை வருடமும் கரும்பலகையில் படமாக மட்டுமே போட்டிருக்கிறேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கும் பாடம்.

பெயர் கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். அட்டை எங்கள் வகுப்பில் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை இடைவேளை முழுக்கப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில்தான். ரொம்ப நன்றி அண்ணாச்சி.