வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்: மேசையில் பிரதி இருக்கட்டும்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கிளை நூலகங்களின் நூலகர்களுக்கும், வாசகர் வட்டப் பொறுப்பிலிருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது, 2019-இல் தென்காசி. நிர்வாகத்துக்கு மூன்று என்றாலும் புத்தகத்துக்கு இது இன்னும் ஒரே சீமைதான். அதனால்தான் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மடல்.

மாதக் கூட்டத்துக்கு ‘எனக்குப் பிடித்த நூல்’, ‘எனக்குப் பிடித்த எழுத்தாளர்’ என்று தலைப்பு வைப்பது நல்ல வழக்கம். நடப்பது என்னவென்றால், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடியவே முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. அப்புறம் எழுந்திருக்கிறவர் எழுத்தாளர் எந்த ஊரில் பிறந்தார், எந்த வருஷம் என்ன விருது வாங்கினார் என்று சொல்லி முடிக்கிறார். அவர் புகழ்ந்த புத்தகம் மட்டும் அந்த அறையில் இருப்பதில்லை. கேட்டவர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறுகிறார்கள். நாலு நாளில் புத்தகத்தின் பேரும் மறந்துவிடுகிறது. இலை போடாமலே பந்தி விசாரிக்கிற கதைதான் இது.

ஆகவே முதல் விதியாக இதை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்: பிரதி மேசையில் இல்லாத புத்தகத்தைப் பற்றி அன்றைக்குப் பேச்சில்லை. எவ்வளவு பெரிய புத்தகமானாலும் அடுத்த மாதம்தான். இதற்குக் கொஞ்சம் முன்வேலை வேண்டும். பேசப்போகிறவர் பத்து நாளுக்கு முன்பே நூலகரிடம் தலைப்பைச் சொல்லிவிட வேண்டும். கிளையில் பிரதி இருந்தால் அதை வெளியே விடாமல் எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் விசாரிக்கவோ, சொந்தமாக வைத்திருக்கிறவரிடம் கேட்டு வாங்கவோ அவகாசம் இருக்கும். முந்தின நாள் சொன்னால் ஒன்றும் நடக்காது.

ஆளுக்கு ஏழு நிமிடம் போதும். ஆறு பேர் பேசினால் நாற்பத்திரண்டு நிமிடம், இடையில் எழுகிற பேச்சையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏழில் முதல் நிமிடம் இது நாவலா, கதைத் தொகுப்பா, எத்தனை பக்கம் என்று சொல்வதற்கு. அடுத்த மூன்று நிமிடம் புத்தகத்தைத் திறந்து வாசிப்பதற்கு. நிறுத்தி வாசித்தால் டெமி அளவில் ஒரு பக்கமும் கொஞ்சமும் வரும். இரண்டு நிமிடம் இது யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பதற்கு. பிடிக்காதவர்களைப் பற்றிச் சொல்ல எல்லாரும் தயங்குகிறார்கள், ஆனால் கேட்கிறவருக்கு அதுதான் அதிகம் பயன்படும். ‘கதை வேகமாகப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால் தவறான கைக்குப் போய்த் தூசி படிவது பாதி குறையும். கடைசி நிமிடம் பிரதி யார் கைக்குப் போகிறது என்பதற்கு.

வாசிக்கிற பக்கத்தை வீட்டிலேயே தேர்ந்து, இரண்டு தடவை சத்தம் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். மேடையில் நின்று புரட்டித் தேடினால் மூன்று நிமிடமும் அதற்கே சரியாகிவிடும். முதல் பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. பல நாவல்களில் முதல் பக்கம் ஊரையும் தெருவையும் அறிமுகம் செய்வதோடு நின்றுவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடமாகப் பார்த்து எடுங்கள். வாசிப்பவர் சுமாரானவர் என்றாலும் உரையாடல் காப்பாற்றிவிடும்.

முடிவைச் சொல்லலாமா என்பது எல்லா வட்டத்திலும் வருகிற சண்டை. இதற்கு ஒரே பதில் கிடையாது. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவரைப் பற்றிய கதை, நம் கூட்டத்துக்கென்றே எழுதினது போல இருக்கும். அதன் கனம் முழுவதும் கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரியைப் பேச்சில் சொல்லிவிட்டால் கேட்டவர் அப்புறம் வாசித்தாலும் ஒன்றும் கிடைக்காது. அதே இடைசெவலிலிருந்து வந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ வேறு மாதிரி. அங்கே என்ன நடந்தது என்பதைவிடச் சொல்கிற விதத்தில்தான் ருசி. முழுக் கதையையும் சொன்னால்கூடப் பாதகமில்லை. பேசுகிறவர் தன் புத்தகம் இதில் எந்த வகை என்று முன்பே யோசித்துக்கொண்டு வந்தால் போதும்.

பிடித்த எழுத்தாளரைப் பகிர்கிற இடத்தில்தான் பெரிய கோளாறு நடக்கிறது. ‘புதுமைப்பித்தனைப் படிங்க’ என்று சொல்லி, ஏறத்தாழ நூறு கதை கொண்ட முழுத் தொகுப்பைப் புதியவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அது அவர் வீட்டில் பீரோ மேலேயே இருக்கும். எழுத்தாளரைக் கொடுக்காதீர்கள், ஒரு கதையைக் கொடுங்கள். முதல் கதையாகப் ‘பொன்னகரம்’ இருக்கலாம். மிகச் சிறியது, கூட்டத்திலேயே முழுதும் வாசித்துவிடலாம். சிரிக்க வைக்க வேண்டுமென்றால் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. ஆனால் அது நீளம். ஒரே மூச்சில் வாசித்தால் பாதியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்க ஆரம்பிக்கும், இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘சாபவிமோசனம்’ அகலிகை கதை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு. ‘செல்லம்மாள்’ வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்குக் கொடுக்க வேண்டாம், அது தாங்காது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் உள்ள ஊர்களில் ‘துன்பக்கேணி’யை நாலைந்து கூட்டத்துக்குத் தொடராக வாசிக்கலாம். அங்கே வாசித்து முடித்ததும் பேச்சு தானாகக் கிளம்பும். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால், ஒரு கதையைப் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதில் தப்பில்லை. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகத்துக்கு இது பொருந்தாது. அவற்றை ஜெராக்ஸ் போட்டுச் சுற்றுக்கு விடாதீர்கள்.

விருதுப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதிலும் இதே சிக்கல். சாகித்திய அகாதெமி விருது பெற்ற பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2014), ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ (2013) இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற நாவல்கள். புதிய வாசகர் பட்டியலைப் பார்த்து அவற்றில் கை வைப்பார், அறுபதாம் பக்கத்தில் நிறுத்துவார், ‘நமக்கு இலக்கியம் ஆகாது’ என்று முடிவுகட்டிவிடுவார். பூமணிக்குள் போக ‘வெக்கை’தான் வாசல். சிறிய நாவல், அப்பனும் மகனும் ஓடி ஒளிகிற சில நாட்கள்தான் கதை. அதை வைத்து எடுத்ததுதான் ‘அசுரன்’ படம். ‘அசுரன் படம் பார்த்தாச்சே’ என்பார்கள். பார்த்தவர்களையே முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், படத்தில் இல்லாதது எவ்வளவு இருக்கிறது என்று அவர்களே வந்து சொல்வார்கள். ஜோ டி குரூஸுக்கு ‘ஆழி சூழ் உலகு’ முதலில். அதுவும் தடிமன்தான், ஆனால் உவரி, இடிந்தகரை பக்கத்துக் கடல்காரர் ஒருவரை அழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும். மீன் பேரும் காற்றின் பேரும் நிலத்துக்காரர் வாயில் நுழையாமல் தடுக்கித் தடுக்கி வரும்போது கேட்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

வட்டார வழக்கைப் பற்றி இன்னும் ஒன்று. கி.ரா.வைச் செய்தி வாசிக்கிற தமிழில் வாசிக்காதீர்கள். கரிசல் பேச்சும் தாமிரபரணிக் கரைப் பேச்சும் ஒன்றல்ல. கோவில்பட்டிக்காரர் வாசிக்கிற கி.ரா.வும் அம்பாசமுத்திரத்துக்காரர் வாசிக்கிற கி.ரா.வும் காதில் வேறு வேறாக விழும். அந்தப் பக்கத்து ஆள் கிடைத்தால் அவர் வாசிக்கட்டும். கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி மேசையில் இருக்கட்டும். சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறேன் என்று நடுவில் நிறுத்தாமல், முடித்துவிட்டுப் புரட்டிப் பாருங்கள்.

ஊருக்குப் பொருத்தமாகப் புத்தகம் எடுப்பது எளிய தந்திரம், பலிக்கும். பாளையங்கோட்டையில் வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’. 1838-இல் மறைந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸின் பேர் ஊர் வாயில் அப்படி ஆகிவிட்டது. கதைச் சரடு தேடுகிறவர் ஏமாறுவார், மழையையும் மனிதர்களையும் வேடிக்கை பார்க்கத் தெரிந்தவருக்குப் பிடிக்கும். தூத்துக்குடி உப்பளப் பகுதிகளில் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. அதை வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வையுங்கள். அப்போதுதான் அளத்தில் வேலை நின்றிருக்கும், அளத்து ஆட்கள் வர முடியும். வெயில் காலத்தில் வைத்தால் அவர்களைப் பற்றிய புத்தகத்தை அவர்கள் இல்லாமலே பேசிக்கொண்டிருப்போம். பங்குனி உத்திரத்தை ஒட்டிய ஞாயிறு எந்த ஊரிலும் கூட்டம் வேண்டாம். எல்லாரும் சாஸ்தா கோயிலுக்குப் போயிருப்பார்கள். உள்ளூர்க் கோயில் கொடை என்றைக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. சாயங்காலம் அவர்கள் எப்படி வருவார்கள்? கடைக்குப் பீடி கொண்டுபோகிற கவலை அவர்களுக்கு. கூட்டம் அங்கே போகட்டும். மடியில் பீடித்தட்டு இருக்கும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கிறது. இருபது நிமிடத்துக்குள் முடிகிற ஒரு கதை, வாசிக்கிறவர் ஒருவர், அவ்வளவுதான் ஏற்பாடு. வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே திண்ணை. இரண்டு வாரம் தவறினால் மறுபடி ஆள் சேர்ப்பது கடினம்.

இரவல் கணக்குக்கு வருவோம். நூலகப் புத்தகத்துக்கு நூலக விதி இருக்கிறது, சொந்தப் புத்தகத்துக்குத்தான் வழி செய்ய வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, புத்தகத்தின் பேர், கொடுத்தவர், வாங்கியவர், தேதி என்று நான்கு பத்தி போதும். தவணை அடுத்த கூட்டம் வரை. முன் அட்டையின் உட்பக்கம் பென்சிலால் உரியவர் பேர், பேனா வேண்டாம். காக்கி அட்டை போட்டுக் கொடுங்கள். ஒரு புத்தகத்துக்கு வரிசை இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், மூன்றாமவர் காத்திருக்கும்போதே ஆசை ஆறிவிடும்.

புத்தகம் திரும்பி வராததற்குக் காரணம் பெரும்பாலும் திருட்டுப் புத்தி இல்லை. வாசித்து முடிக்காத வெட்கம். கொண்டுவந்தால் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பார்களே என்று கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள், புத்தகத்தோடு ஆளும் போய்விடுகிறார். அதனால் திருப்பி வாங்குகிறவர் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. ‘வாசிக்காட்டியும் கொண்டாங்க’ என்று ஒவ்வொரு மாதமும் சத்தமாகச் சொல்லுங்கள்.

வாசித்தவர்கள் புத்தகத்துக்குள் அஞ்சலட்டை அளவில் ஒரு சீட்டு வைத்துப் போகலாம். பிடித்த இடம் எது, யாருக்குப் பொருந்தும் என்று மூன்று வரி. பக்க எண் மட்டும் குறிக்காதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாயத்தையோ கதையின் பேரையோ எழுதுங்கள். இப்படிச் சீட்டு உள்ள புத்தகங்களை அலமாரியில் நின்றபடி கண்ணுக்கு நேராகத் தெரிகிற தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் குனிந்து பார்க்க ஆளில்லை, ஐப்பசி ஈரமும் இராமபாணப் பூச்சியும்தான் வாசிக்கும்.

உட்காருவது வட்டமாக. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) வீட்டு முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பனின் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசித்த ஊர்க்காரர்கள் நாம். மேடையும் மாலையும் அங்கே தேவைப்படவில்லை. முப்பது பேருக்குள் என்றால் மைக்கும் வேண்டாம். மைக் பிடித்ததும் வாசிக்க வந்தவர் சொற்பொழிவாளர் ஆகிவிடுகிறார். சுக்குக் காப்பி நடுவில் கொடுக்கலாம். வடை, பஜ்ஜி கடைசியில்தான், அதுவும் புத்தகங்கள் கைமாறி நோட்டில் எழுதி முடித்த பிறகு. எண்ணெய்க் கை பட்ட பக்கத்தைத் துடைக்கத் துடைக்கப் பரவும். அரிசி மாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டுத் தட்டினால் கொஞ்சம் உறிஞ்சும், கறை முழுசாகப் போகாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கிறவர்கள், சிறப்பு விருந்தினர் பேர் போடுகிற இடத்தில் அன்று மேசையில் இருக்கப்போகிற ஆறு புத்தகங்களின் பேரைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமை வாசகர் சிலர்