தேதி போட்டுச் சோதனை வையுங்கள்: களியக்காவிளை எல்லை பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், எல்லைக்கு அந்தப்புறம் உள்ள திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

பறவைக் காய்ச்சல் வந்தாலும், நிபா வந்தாலும், மருத்துவக் கழிவு லாரி பிடிபட்டாலும், ரேஷன் அரிசி கடத்தல் செய்தி வந்தாலும் உடனே எழும் கோரிக்கை ஒன்றுதான்: தமிழ்நாடு – கேரள எல்லையான களியக்காவிளையில் எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதியுங்கள். அந்தக் கோபம் நியாயமானது. செக்போஸ்டே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. என்ன பொருளைத் தேடுகிறோம், அது எந்தத் திசையில் போகிறது, எந்தத் தேதி வரை தேடப் போகிறோம் என்ற மூன்றையும் எழுதி வைக்காமல் போடும் தடுப்பில் குற்றவாளி மாட்டுவதில்லை, ஊர்தான் மாட்டுகிறது. அதனால்தான் இந்த மடல்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தது. குழித்துறைக்காரருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் இன்றைக்கும் திருவனந்தபுரம்தான். பாறசாலைக்காரருக்குத் துணிமணி, பலசரக்கு என்றால் மார்த்தாண்டம் பக்கம். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. சரக்கு மதிப்பு ரூ. 50,000-ஐத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு இருக்கிறது, அதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே சரிபார்க்கலாம். ஆகவே வரிக்காக இனி யாரையும் எல்லையில் நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை. மிச்சமிருப்பது நோய், கழிவு, கனிமம், அரிசி, போதைப்பொருள், தேர்தல் பணம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு, ஒரு வகை வண்டி உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரே தடத்தில் எல்லா வண்டியையும் நிறுத்தி, ஒரு வண்டிக்கு 2 நிமிடம் எடுத்துக்கொண்டால் மணிக்கு 30 வண்டிதான் நகரும். வருவது 100 என்று வையுங்கள். ஒரு மணி நேரம் முடியும்போது 70 வண்டி நின்றுகொண்டிருக்கும். ஒன்றுக்கு 7 மீட்டர் என்றால் வரிசை ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். களியக்காவிளைக் கடைத்தெருவின் அகலத்துக்கு இது போதும், எதிர்த்திசையும் சேர்ந்து அடைபட்டுவிடும். பின்னால் சைரனோடு வரும் ஆம்புலன்சுக்கு ஒதுங்கிக் கொடுக்க நினைத்தாலும் வண்டிக்காரருக்கு இடம் இருக்காது. நெரிசல் இரண்டாவது மணி நேரத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அங்கே நிற்கும் காவலருக்கு நன்றாகத் தெரியும்: கை தானாகவே எல்லோரையும் "போ, போ" என்று காட்டத் தொடங்கிவிடும். எல்லோரையும் சோதிக்கச் சொன்ன உத்தரவு யாரையும் சோதிக்காமல் முடிவது இப்படித்தான்.

இப்போது திசைக்கு வருவோம். அரிசியும் பாறைக்கல்லும், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு மணலும் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போகின்றன. மருத்துவக் கழிவு அங்கிருந்து இங்கே வருகிறது. கோழி ஏற்றிய வண்டி மேற்கே போய், காலிக் கூண்டோடு கிழக்கே திரும்புகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறிப்பதில் பாதி உழைப்பு வீண்.

கழிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். கேரளத்துக்குச் சரக்கு இறக்கிய லாரி காலியாகத் திரும்பினால் டீசல் காசு நஷ்டம். யாராவது மலிவாக ஒரு ரிட்டர்ன் லோடு கொடுத்தால், பழைய பிளாஸ்டிக், பேப்பர் என்று பில் போட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கிளம்பிவிடும். மேலே நாலு மூட்டை ஸ்கிராப், அடியில் ஊசியும் குளுகோஸ் பாட்டிலும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையும். ஆகவே பார்க்கவேண்டியது, இரவில் கிழக்கு நோக்கி வரும், தார்ப்பாய் மூடிய, ஸ்கிராப் பில் வைத்திருக்கும் வண்டியை. மேல்மூட்டையைத் தட்டிப் பார்த்து அனுப்பினால் பயனில்லை. பின்கதவைத் திறந்து அடிவரிசையிலிருந்து ஒரு மூட்டையை உருவ வேண்டும். கழிவு என்று தெரிந்தால் அங்கேயே கொட்டவோ பிரித்துப் போடவோ கூடாது. 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. முதலில் பார்கோடைப் படம் எடுங்கள், பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வரவழையுங்கள், வண்டியை மூடியபடியே நிறுத்தி வையுங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டிய கழிவைக் கேரளமே திரும்ப அள்ளிக்கொண்டு போனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அப்படி உத்தரவிட முடிந்ததற்குக் காரணம், கழிவு எங்கிருந்து வந்தது என்று அடையாளம் காண முடிந்ததுதான். ஓட்டுநரை மட்டும் பிடித்து வழக்கைப் போட்டு, பைகளை எரித்துவிட்டால் அனுப்பியவர் தப்பித்துவிடுவார்.

பறவைக் காய்ச்சலுக்கு மருந்து தெளிக்கும் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் வேலை நடந்த மாதிரித் தோன்றி நடக்காமல் போகிறது. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் நோய் வந்தால் திரும்பி வரும் கோழி வண்டிகளின் டயரில் கைத்தெளிப்பானால் நாலு பீச்சு பீச்சி அனுப்புவார்கள். டயர் இடுக்கில் சேறு, கூண்டின் அடித்தட்டில் விரற்கடை கனத்துக்குக் காய்ந்த எச்சம். குளோரின் சார்ந்த மருந்து அந்த எச்சத்தில் பட்டதுமே வலுவிழந்துவிடும், அடியில் இருக்கும் கிருமியை எட்டாது. முறை என்னவென்றால், முதலில் எச்சத்தைச் சுரண்ட வேண்டும், பிறகு சோப்புத்தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், தண்ணீர் வடிந்த பிறகு மருந்து தெளிக்க வேண்டும், தெளித்த இடம் 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். சாலையில் மருந்துத் தொட்டி கட்டுவதாக இருந்தால் நீளத்தைக் கவனியுங்கள். லாரி டயரின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர், சுற்றளவு 3 மீட்டருக்கு மேல். தொட்டி 2 மீட்டர்தான் என்றால் டயரின் மூன்றில் ஒரு பங்கு நனையாமலே ஏறிவிடும். குறைந்தது மூன்றரை மீட்டர் வேண்டும். மழை பெய்தால் மருந்து நீர்த்துப்போகும் என்பதால் மேலே ஒரு கூரையும், கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தனிக் குழியும் வேண்டும். இதையெல்லாம் நடுரோட்டில் செய்ய முடியாது. கோழி வண்டிகளுக்கு மட்டும் சாலையை விட்டு விலகி ஓர் இடம் ஒதுக்குங்கள். மற்ற வண்டிகளுக்கு அங்கே வேலையே இல்லை.

மீன் வண்டிக்கு நேரம்தான் எல்லாம். வெயில் காலத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் அடுக்குகிறார்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஐஸ் தண்ணீராகப் பெட்டிக்கு அடியில் ஒழுகுகிறது. மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் ரசாயனம் கலக்கிறார்கள் என்ற பயம் உண்மையானதுதான். 2018-இல் கேரளத்தில் அது பெரிய பிரச்சினையானபோதே, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சில நிமிடங்களில் முடிவு காட்டும் சோதனைத் தாளைக் கொண்டுவந்துவிட்டது. அதைத் தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் ஏற்றும் இடத்திலேயே செய்து, நேரம் குறித்த சீட்டு கொடுங்கள். அந்தச் சீட்டைக் கேரளப் பக்கம் உள்ள இஞ்சிவிளையிலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோவாளைப் பூவுக்கும் இதே நியாயம். ஓணத்துக்கு அத்தம் முதல் பத்து நாளும் போகும் பூவை மதியம் வரை நிறுத்திவைத்தால் வாங்க ஆள் இருக்காது.

கல் லாரிக்கு எல்லையில் சோதனை என்பதே கடைசி இடம். பாரம் ஏறியபின் அங்கே நிறுத்தி இறக்க முடியாது. இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 18.5 டன்தான். அதிகப் பாரத்துக்கு ரூ. 20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-உம் சட்டத்திலேயே இருக்கிறது, கூடுதல் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் இருக்கிறது. இறக்க இடமில்லாததால் அபராதம் மட்டும் வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு விடவேண்டி வருகிறது. எடைமேடையும், கல் எடுத்துச்செல்ல அனுமதிக்கும் நடைச்சீட்டின் சரிபார்ப்பும் குவாரி வாசலில் இருக்கட்டும்.

இதெல்லாம் சரக்கு. மனிதர்களை நிறுத்துவது வேறு விஷயம், அதில் தவறினால் திருத்த முடியாது. 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், கர்நாடகம் கேரளத்தின் காசர்கோட்டுக்கான சாலைகளில் மண்ணைக் குவித்து அடைத்தது. மங்களூரு மருத்துவமனைகளை நம்பியிருந்த நோயாளிகள் எல்லையிலுள்ள தலப்பாடியில் தடுக்கப்பட்டார்கள், சிகிச்சை கிடைக்காமல் இறந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரல் 1 அன்று கேரள உயர்நீதிமன்றம் தலையிட்டது. ஏப்ரல் 7-இல்தான், அவசர நோயாளிகளை விடுவதற்கு இரு மாநிலங்களும் ஒரு நடைமுறைக்கு ஒப்புக்கொண்டதாக உச்சநீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அப்படி ஒரு நடைமுறை ஒரு பக்கக் காகிதத்தில் அடங்கிவிடும். தடுப்பு போடுவதற்கு முந்தின நாளே அதை எழுதியிருக்கலாம்.

நமக்கும் அப்படி ஒரு பக்கம் இப்போதே வேண்டும். டயாலிசிஸ் செய்பவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டும், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக இ-பாஸ் எடுக்கச் சொல்ல முடியாது. மருத்துவமனை அட்டையும் அடையாள அட்டையும் காட்டினால் 30 நாளுக்கு ஒரே பாஸ் போதும். நோயாளியோடு ஒரு துணை, ஒரு ஓட்டுநர் என்று அதிலேயே பெயர் இருக்கட்டும். தினமும் அந்தப்பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும், இந்தப்பக்கம் படிக்க வரும் பிள்ளைக்கும் அதே மாதிரி. இணையம் தெரியாதவருக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் கையால் எழுதிய பாஸ் கிடைக்க வேண்டும்.

ஊடுவழிகளையும் மறக்க வேண்டாம். களியக்காவிளையை இறுக்கினால் வண்டிகள் பளுகல், பனச்சமூடு, கொல்லங்கோடு, ஊரம்பு, நெட்டா என்று பிரிந்துவிடும். அரிசி கடத்துகிறவருக்கு அந்த வழிகள் மனப்பாடம். மாட்டிக்கொள்வது வழி தெரியாதவர்தான். அதற்காக மண்ணைக் கொட்டி அடைத்தால் தீயணைப்பு வண்டிக்கும் வழி இல்லை. தடுப்பு அவசியமானால் தூக்கி வைக்கக்கூடிய டிரம்மும் குழாயும் போடுங்கள், 24 மணி நேரமும் எடுத்துவிட ஓர் ஆள் அங்கே இருக்கட்டும். கன்னியாகுமரி – திருவனந்தபுரம் ரயில் சோதனைக்கு வெளியே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். சாலையில் மட்டும் காய்ச்சல் பார்த்து ரயிலில் பார்க்காவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை.

நாடுகளுக்கு நடுவிலேயே எல்லையைத் திறந்துவிட்டவர்கள் இந்தச் சிக்கலில் என்ன கற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 1985-இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. ஜெர்மனி 2015 செப்டம்பரில் ஆஸ்திரிய எல்லையில் "தற்காலிகமாக" வைத்த சோதனை பத்து ஆண்டுக்கு நீண்டது. 2024 செப்டம்பர் 16 முதல் எல்லாத் தரை எல்லைக்கும் பரவியது. 2025 ஜூலையில் போலந்து பதிலுக்குத் தன் பக்கம் சோதனை வைத்தது. ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கமும் வைக்கும், இது எந்த எல்லைக்கும் பொருந்தும். ஆனால் அங்கே ஒரு பிடிமானம் இருக்கிறது. சோதனை வைக்கும் நாடு காரணத்தையும் இடத்தையும் கால அளவையும் எழுதி அண்டை நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்த அச்சுறுத்தல் என்றால் ஒரு தடவைக்கு 6 மாதம்தான். ஸ்லோவேனியா எல்லையில் ஆஸ்திரியக் காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்ட மறுத்து 36 யூரோ அபராதம் வாங்கிய ஒருவரின் வழக்கில், 2022 ஏப்ரல் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது: அன்றைய விதிப்படி, பழைய காரணத்தையே திரும்பச் சொல்லி 6 மாதத்தைத் தாண்டி நீட்டிக்கக் கூடாது, புதிய அச்சுறுத்தல் இருந்தால்தான் புதிய உத்தரவு. 2024-இல் நீட்டிப்பு விதி தளர்த்தப்பட்டாலும், தனித்தனி நாடுகள் தங்களுக்கு ஒரு கால வரம்பை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே நாட்டின் இரண்டு மாவட்டங்கள் நாம், நாடெங்கும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்னும் அரசியல் சாசனத்தின் 301-ஆம் பிரிவும் நம் பக்கம் இருக்கிறது.

ஆகவே அடுத்த தடவை உத்தரவு போடும்போது அதில் தேடும் பொருள், வண்டி வகை, திசை, இடம், தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் இருக்கட்டும். தேதி முடிந்தால் யாரும் கையெழுத்துப் போடாமலே சோதனை தானாக நிற்க வேண்டும். நீட்டிப்பதாக இருந்தால், எத்தனை வண்டி பார்த்தோம், எத்தனையில் என்ன கிடைத்தது என்ற கணக்கை வெளியிட்டுவிட்டு நீட்டுங்கள். தேர்தல் காலப் பறக்கும் படைக்கும் இது பொருந்தும்: ரூ. 50,000-க்கு மேல் கையில் வைத்திருக்கும் மீன், கோழி, பூ வியாபாரி என்ன காகிதம் காட்டினால் போதும் என்பதை முன்கூட்டியே சந்தையில் ஒட்டிவிடுங்கள்.

கேரளப் பக்கம் காரோடு என்ற ஊர் வழியாக வரும் நான்குவழிச் சாலை முழுதும் திறக்கும்போது போக்குவரத்து களியக்காவிளைக் கடைத்தெருவை விட்டு விலகிவிடும். செக்போஸ்ட் எங்கே என்பதை அப்போது யோசித்தால் மறுபடியும் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் கிடைக்கும். வண்டி ஒதுங்க இடம், எடைமேடை, கழுவும் தளம், ஆம்புலன்சுக்குத் தனித் தடம், இரண்டு மாநில அலுவலர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே தடவையில் பார்த்து அனுப்ப ஓர் அறை ஆகியவற்றுக்கு இப்போதே நிலம் குறியுங்கள். முகப்பில் ஒரு பலகை வையுங்கள். அதில் எந்தச் சோதனை நடக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கட்டும்.

இப்படிக்கு,
விளவங்கோடு, நெய்யாற்றின்கரை தாலுகாக்களின் எல்லையோர ஊர்களில் வண்டி ஓட்டுபவர்கள், சரக்கு ஏற்றுபவர்கள், நோயாளிகளைக் கூட்டிச் செல்பவர்கள்