நேட்டால் தாத்தாவைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள டர்பன் அக்காவுக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயாவுக்கும், செய்யாறு தமிழாசிரியர் ஐயாவுக்கும், எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டு அண்ணனுக்கும்,

வணக்கம். உங்கள் பெயரைப் போட்டு, ஊரறிய நன்றி சொல்லத்தான் ஆசைப்பட்டேன். பெயர் வேண்டாம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். நீங்கள் செய்தது என்ன என்பதையாவது முழுசாகச் சொல்ல விடுங்கள்.

எங்கள் வீட்டில் தை அமாவாசைக்கு முன்னோருக்குப் படைக்கும்போது, வரிசையாகப் போட்ட இலைகளிலிருந்து தள்ளி, வாசல் பக்கமாக இன்னொரு இலை போடுவது வழக்கம். அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலியாகக் கப்பலேறிப் போன எங்கள் நேட்டால் தாத்தாவுக்கு. அவர் என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். இருக்கிறாரா போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது. உயிரோடு இருப்பவருக்குப் படைத்தால் அவருக்கு ஆகாது. படைக்காமல் விட்டாலோ, செத்தவர் பசியோடு திரும்பிப் போவார். அதற்காகத்தான் அந்தத் தனி இலை என்று என் ஆயா சொல்லும். அவர் கப்பலேறி நூறு வருஷம் தாண்டிய பிறகும் அந்த இலையை வரிசையில் சேர்க்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஆயாவுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். வந்தவாசி சந்தைக்கு மாடு விற்கப் போனவரை, கூலிக்கு ஆள் பிடிக்கும் ஆள்கட்டி எவனோ பேசி அழைத்துப் போய்விட்டான். சின்ன வயதில் ஏற்றத்திலிருந்து விழுந்ததில் முழங்காலில் பெரிய தழும்பு. அப்புறம், "பொங்கல் கப்பல்ல போனாரு." அவ்வளவுதான். பெயரைக் கேட்டால் சொல்லாது. மாமனாருக்கு அண்ணன் பெயரை மருமகள் வாயால் சொல்வதா? பெயர் தெரிந்திருந்தும் சொல்லாமலே ஆயா போய்விட்டது. போகும்வரைக்கும் ஒரு மனக்குறையும் இருந்தது. "போனவரு ஒரு காயிதம் போட்டாரா, மறந்துட்டாரு" என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்த இலையில் சோறு வைக்கும்போது முணுமுணுக்கும்.

கணக்குப்பிள்ளை வீட்டு அண்ணா, தொடக்கம் உங்களால்தான். 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் வேலை ஒழிக்கப்பட்ட பிறகு உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களே இல்லை. எனக்காக அதை வெயிலில் இறக்கி வைத்து, பூச்சி அரித்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் அதில் இருந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, நாலு துண்டாகக் கையில் வந்தது. தமையன் நெட்டால் தேசம் போய்விட்டதாகவும் தகவல் இல்லையென்றும் என் கொள்ளுத்தாத்தா அதில் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்த இடத்தில் அண்ணன் பெயரும் அப்பா பெயரும் தெளிவாக இருந்தன. என் வாழ்நாளில் அந்தப் பெயரை நான் பார்த்தது அன்றுதான். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலைந்து தடவை வாய்விட்டுப் படித்தேன்.

பெயர் கிடைத்துவிட்டது, இனி கப்பல் பட்டியல்தான் என்று நினைத்தேன். இந்தத் தேடலில் இறங்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகப் பதிந்திருப்பார்கள். ஆளை அடையாளம் பிடிக்க முதலாளிகளுக்காக எழுதி வைத்தது அது. இன்றைக்கு நம்மைப் போன்றவர்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேட அதைவிட்டால் வேறு வழியே இல்லை.

பொங்கல் கப்பல் என்றதால் பொங்கலை ஒட்டிப் புறப்பட்ட கப்பல்களைத்தான் தேடினேன். ஜனவரி, பிப்ரவரி. வருஷம் மாற்றி வருஷம். இரண்டு வருஷம் அப்படியே போனது.

டர்பன் அக்கா, நீங்கள் வந்தது அப்போதுதான். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, மாலை நேரமெல்லாம் அந்தப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பவர். ஆயா சொன்ன மூன்றையும் அப்படியே எழுதி அனுப்பச் சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டதை வேண்டாம், ஆயா வாயில் வந்ததை மட்டும் அனுப்பு என்றீர்கள். மறுநாள் விடியற்காலை உங்களிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: பொங்கல் என்பது பண்டிகைதானா, கப்பலின் பெயராக இருக்கக்கூடாதா? சென்னைக்கும் டர்பனுக்கும் போய்வந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் 'பொங்கோலா'. நேட்டாலுக்கு வடக்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் பொங்கோலா பொங்கலாகிவிட்டது. ஆயா சரியாகத்தான் சொல்லியிருக்கிறது அக்கா. காது கொடுத்துக் கேட்க எனக்குத்தான் தெரியவில்லை.

பொங்கோலா பல தடவை போய்வந்த கப்பல். அதன் பட்டியல்களில் அதே பெயரில், ஒத்துவரும் வயதில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். சித்தப்பாக்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. தகப்பன் பெயர் கொஞ்சம் உதைத்தது. வெள்ளைக்காரன் காதில் விழுந்ததை எழுதியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலியாரை மூட்லி என்றும் கவுண்டரை கோவெண்டர் என்றும் ஆக்கியவர்கள்தானே.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா, நீங்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜில்லா செங்கல்பட்டு என்று இருக்கிறது, தகப்பன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை, அது வேறு பெயர். இவர் வேறு குடும்பத்துப் பிள்ளை என்று எழுதினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் உங்களுக்குப் பதில் போடவில்லை. நீங்கள் அதைப் பொருட்படுத்தாமல் மற்ற இரண்டு பதிவுகளையும் பெரிதாக்கி அனுப்பினீர்கள். இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை எங்கள் வீட்டு இலைக்கு முன்னால் உட்காரவைக்க இருந்தேன். அவருக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் தனி இலை போட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா? ஐயா, நீங்கள் செய்ததில் எனக்குப் பெரியதாகப் படுவது அந்த மறுப்புதான்.

மூன்றாவது பதிவை நான் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தேன். ஊர்ப் பெயர் 'கொடங்கலூர்' என்று இருந்ததால் கொச்சிப் பக்கத்துக் கொடுங்கல்லூர் என்று நினைத்துவிட்டேன். அதைக் கணக்குப்பிள்ளை வீட்டு அண்ணனிடம் காட்டினேன். அண்ணன் ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் உள்ள கட்டத்தைப் பார்த்தார். ஜில்லா வட ஆற்காடு. தாலுகா வந்தவாசி. "கீழை முழுங்கிட்டான்பா, நம்ம கீழ்க்கொடுங்காலூர்தான் இது" என்றார். தகப்பன் பெயர் பத்திரத்தில் இருந்த அதே பெயர். கடைசிக் கட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். இடது முழங்காலில் தழும்பு.

அதற்கு மேல் அன்றைக்கு என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்துக்கு அவர் அனுப்பப்பட்டதும், ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து மறுபடியும் ஒப்பந்தத்தில் சேர்ந்ததும் தெரியவந்தன. ஏன் திரும்பி வரவில்லை, ஏன் மறுபடியும் அதே கரும்புக் காட்டுக்குள் போனார் என்று கேட்டேன். ஐயா பொறுமையாக விளக்கினீர்கள். 1895-இல் போட்ட சட்டப்படி, அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் போட வேண்டும். சுதந்திரமாக இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஆறு மாதச் சம்பளத்தை வரியாகக் கட்டச் சொன்னால் அவன் எங்கே போவான்? 1903-இல் வயது வந்த பிள்ளைகள் தலையிலும் அதை ஏற்றினார்கள். 1913-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. தில்லையாடி வள்ளியம்மை கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதற்கும் எங்கள் வீட்டுத் தனி இலைக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஐயா ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்த இறப்பு அறிவிப்பில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். குடும்பம் டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் இருந்திருக்கிறது. இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடியேற்றிய சட்டத்தில் வீடு போய், சாட்ஸ்வொர்த்துக்கு மாறியிருக்கிறார்கள். அங்கிருந்து தடம் இல்லை. ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். அக்கா அந்தக் கூட்டத்தில், வெயிலில், பழைய தோட்டத்துக் குடும்பங்களாகப் பார்த்து விசாரித்திருக்கிறார். தனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற ஒரு குடும்பத்துக்காக. இரண்டாம் நாள் நேட்டால் தாத்தாவின் பேத்தி ஒருவர் அகப்பட்டார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல்.

அவர்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு முருகன் படம். கண்ணாடி போட்டது, சட்டம் கரையான் தின்றது. பின்பக்க அட்டையில் பென்சிலால் தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது, வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது, இருந்தாலும் தூக்கிப் போட மனமில்லாமல் மூன்று தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அக்கா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எனக்கும் படிக்க வரவில்லை. ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருந்தன. லை, னை எல்லாம் பழைய கொம்பு போட்ட எழுத்து.

செய்யாறு ஐயா, உங்களிடம் அதைக் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூதக்கண்ணாடியும் ஒரு ரூல்டு நோட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இந்த இடத்தில் ரகரம் வைத்துப் பார்ப்போம், பொருள் வரவில்லை, சரி கால் வைத்துப் பார்ப்போம் என்று ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தீர்கள். உங்கள் வீட்டு அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளின் பெயரும் பிறந்த நட்சத்திரமும் முதலில் வந்தன. கடைசி இரண்டு வரி பாதி அழிந்திருந்தது. சாயங்காலம் விளக்கு போட்ட பிறகுதான் அதைப் படித்து முடித்தீர்கள். கீழ்க்கொடுங்காலூர். அதற்குக் கீழே என் கொள்ளுத்தாத்தாவின் பெயர், 'தம்பி' என்று போட்டு.

ஆயா உயிரோடு இருந்திருந்தால் அதைப் போய்ச் சொல்லியிருப்பேன். மறக்கலை ஆயா, எழுதி வச்சிருக்காரு என்று.

அந்த வாரம் சாட்ஸ்வொர்த்துக்குப் பேசினேன். அட்டையில் இருந்ததை நான் வாசிக்க வாசிக்க, அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெரியம்மாவுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தன் அப்பாவின் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது 'ஆயா' என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். சென்னையில் வேலை பார்க்கும் இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் வேலைக்காரம்மா என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பதால் என் பிள்ளைகளைப் 'பாட்டி' என்று கூப்பிடப் பழக்கியவன் நான். இப்போது மாற்றிவிட்டேன்.

ஐயா, நகல் எடுத்த செலவையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன், மறுத்துவிட்டீர்கள். அக்கா பெட்ரோல் காசைக்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். அதனால் வேறு மாதிரி செய்யலாம் என்று இருக்கிறேன். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பட்டியலில் எப்படி உருமாறி வந்தாலும் எனக்கு அனுப்புங்கள். நேரில் போய் விசாரித்து வருகிறேன். பைக் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பழைய எழுத்து படிப்பதற்குச் செய்யாறு ஐயா மாதம் ஒரு நாள் ஒதுக்குவதாகச் சொல்லிவிட்டார்.

இந்தத் தை அமாவாசைக்கு அப்பா ஒன்றும் பேசாமல் வாசல் பக்கம் இருந்த இலையை எடுத்து வந்து, கொள்ளுத்தாத்தாவின் இலைக்கு வலது பக்கத்தில் போட்டார். அண்ணனுக்கு முதல் இடம் என்பதால். அம்மா அதில்தான் முதலில் சோறு வைத்தது.

அக்கா, நீங்கள் போன வாரம் இன்னொரு அம்மாவின் பதிவிலிருந்து அனுப்பிய ஊர்ப் பெயர் தெள்ளாராகத்தான் இருக்க வேண்டும் என்று அண்ணனும் சொல்கிறார். வருகிற ஞாயிறு நானும் அவரும் போகிறோம். அந்த அம்மாவுக்கு உடம்பில் என்ன அடையாளம் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் அதற்குள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி