சம்பந்தத்துக்கு, பண்ருட்டியிலிருந்து

பண்ருட்டி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சம்பந்தம்,

நலம். நீயும் கோமதியும் நலமா? பேத்திக்குக் காது குத்தியாயிற்றா? வாட்ஸப் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். குடல் கேன்சருக்கு ஏற்றிய கீமோ மருந்து என் விரல் நுனிகளை மரத்துப்போக வைத்துவிட்டது. போனில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று விழுகிறது. போன வாரம் சம்பந்திக்குக் கும்பிடு போடப் போய், முத்தம் கொடுக்கிற பொம்மை போய்ச் சேர்ந்தது. பேனா பரவாயில்லை, அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். சட்டைப் பொத்தானை மட்டும் இன்னும் உன் தங்கச்சிதான் போட்டுவிடுகிறாள். "கல்யாணமான புதுசில் இந்த அக்கறை எங்கே போயிருந்தது?" என்று கேட்டேன். "அப்போ உங்களுக்கு விரல் நல்லா இருந்துச்சு" என்றாள். அவள் மாறவே இல்லை.

சரி, செய்திக்கு வருகிறேன். மலம் சேர வயிற்றில் ஒட்டியிருந்த பையை எடுத்துவிட்டார்கள். குடலை உள்ளே இணைத்துத் தைத்து, வயிற்றில் வைத்திருந்த வாயையும் மூடியாயிற்று. இனி பஸ்ஸில் எவன் முழங்கை இடிக்குமோ என்று பயந்து நிற்க வேண்டாம்.

அந்தப் பையோடு இருந்த நாட்களில் நான் கோயில் பக்கமே போகவில்லை, தெரியுமா? இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு சன்னதியில் எப்படி நிற்பது? அக்கா வாய் திறக்கவில்லை. அவள் மட்டும் போய்விட்டு வந்து திருநீற்றைக் கையில் கொடுப்பாள். ஒருநாள் குருக்கள் என்னைக் கடைத்தெருவில் மடக்கினார். மென்று விழுங்கிக் காரணத்தைச் சொன்னேன். "ஓய், எல்லார் வயித்துலயும் அதுதான் இருக்கு. உமக்குத் தோலுக்கு வெளியில இருக்கு, அவ்வளவுதான். சாயரட்சைக்கு வந்து சேரும்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பேரம் பேசப் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலமே போனேன்.

அங்கே ஓதுவார் பாடியது என்ன தெரியுமா? நீயும் நானும் பொங்கலுக்குக் காத்துக்கொண்டு, எப்போதடா முடியும் என்று காலை மாற்றி மாற்றி நின்று கேட்ட அதே பதிகம். சூலை நோய் தாங்காமல் நம் ஊர் வீரட்டானேசுவரர் முன்னால் அப்பர் வந்து விழுந்து பாடியது. "தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட" என்ற அடி வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குடல் அடைத்துக்கொண்டு நடுராத்திரியில் என்னைப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த வலி அது. ஏழாம் நூற்றாண்டு மனுஷன் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் நாம் அதைப் பொங்கலுக்கான காத்திருப்பாகக் கேட்டிருக்கிறோம்.

அதில் எனக்குப் பிடித்தது வேண்டுதல் இல்லை, சண்டை. "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" என்றுதான் தொடங்குகிறார். எமனாக வந்து நிற்கிறதே, விலக்க மாட்டீரா என்று எடுத்த எடுப்பில் கேட்கிறார். அடுத்ததே, "கொடுமைபல செய்தன நான்அறியேன்". நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லையே! இங்கே வருகிற உறவுக்காரர்களுக்கு இதை எழுதி வாசலில் மாட்டலாம் என்று பார்க்கிறேன். "குடி இல்லை, சிகரெட் இல்லை, சைவச் சாப்பாடு, இவருக்கு எப்படி?" என்று என் எதிரிலேயே கேட்டுவிட்டு, "ஏதோ முன்வினை" என்று அவர்களே தீர்ப்பும் சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நோயைவிட இது எரிச்சல்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. வீட்டில் யார் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் "பரவாயில்லை" என்றுதான் நான் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் இருந்து மகன் வீடியோவில் என் முகத்தையே உற்றுப் பார்ப்பான். உன் தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். ஒரு முனகல் விட்டால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். "ஆற்றேன் அடியேன்" என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருக்கிற இடம் அது ஒன்றுதான். தாங்க முடியவில்லை என்று அங்கே சொன்னால் பதிலுக்கு யாரும் அழ மாட்டார்கள்.

இப்போது ஊர் முழுக்க ஒரு பேச்சு: பதிகம் பாடித்தான் இவருக்குக் குணமாயிற்றாம். அக்காவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கேன்சர் திரும்புகிறதா என்று கவனிக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற அளவைப் பார்க்கிறார்கள். நாளைக்கு அந்த எண் ஏறினால், நான் சரியாகப் பாடவில்லை என்று ஆகுமா? கீமோ நாற்காலியில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்காருவார். வேளாங்கண்ணி மாதா படத்தை மடியிலேயே வைத்திருப்பார். என் பக்தியெல்லாம் அவர் கால்தூசி பெறாது. தீபாவளிக்கு முன்னால் போய்விட்டார். அவர் பக்தியில் குறை இருந்தது என்று எவனாவது சொல்லட்டும், செருப்பைக் கழற்றுவேன். எனக்குக் கட்டியை வெட்டி எடுத்தவர் சர்ஜன். அதற்கு அப்புறம் ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பம்பை இடுப்பில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள், 46 மணி நேரம் அது சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த 46 மணி நேரத்தைக் கழிக்கத்தான் எனக்குப் பாட்டு வேண்டியிருந்தது. மருந்துக்குப் பதிலாக இல்லை.

சாப்பாட்டுக் கதை தனி. கேன்சருக்குச் சர்க்கரைதான் தீனி என்று யாரோ சொல்ல, உன் தங்கச்சி காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். நெய்வேலி மச்சான் முள்சீத்தா இலையைச் சாக்கில் கட்டி அனுப்பினான். உன் அருமை நண்பன் முந்திரி ராஜா கோதுமைப்புல் சாற்றோடு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டான். வெள்ளணுக்கள் குறைந்திருக்கிற சமயத்தில் பச்சையாக அரைத்த எதுவும் உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, எப்படிக் குடிப்பது? அவன் பார்க்காத நேரத்தில் செம்பருத்திக்கு ஊற்றினேன். செடி நன்றாக இருக்கிறது.

டயட் சொல்கிற பெண் என் எடையைப் பார்த்துவிட்டு, "புரோட்டீன் போதவில்லை, தினம் முட்டை சாப்பிடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் முட்டை! பருப்பு, பன்னீர், சுண்டல் என்று நான் எவ்வளவோ வாதாடினேன். சுண்டலைக் குடல் தாங்காது, இப்போதைக்கு நார்ச்சத்தைக் குறையுங்கள் என்றுவிட்டாள். பலாச் சீசன் முழுக்கப் பண்ருட்டியில் உட்கார்ந்துகொண்டு வாசனை மட்டும் பிடித்த ஒரே ஆள் நான்தான். முட்டைக்கு என்று கொல்லையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் அந்த மரத்த விரல்களால் ஓடு உரிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை மாட்டுக்கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒற்றைக் கையால் உரித்துத் தட்டில் போட்டுவிட்டு நேராகக் கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விட்டாள். அன்று முதல் தினமும் அவள்தான் உரிக்கிறாள். தினமும் இரண்டாவது முறை குளிக்கிறாள். அப்பருக்கு அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்தார். எனக்கு வாய்த்தவள் இவள்.

அப்புறம் நடை. இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியமே பிடித்திருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியாவில் பெருங்குடல் கேன்சருக்குக் கீமோ முடித்தவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். 889 பேர். ஒரு பாதிப் பேருக்குக் கையில் அறிவுரைப் புத்தகம் மட்டும். மறு பாதிக்குப் பயிற்சியாளர் வைத்து மூன்று வருஷம் உடற்பயிற்சி. பெரும்பாலும் வேக நடை மாதிரிதான், ஒலிம்பிக் இல்லை. 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாம் வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 74 பேர், நடந்த கூட்டத்தில் 80 பேர். அந்த ஆறு பேரில் ஒருவனாக இருக்கத்தான் தினமும் விடிகாலையில் கிளம்புகிறேன். அப்பரும் சூலை தீர்ந்ததும் உட்கார்ந்துவிடவில்லையே. 81 வயதுவரை ஊர் ஊராக நடந்தார் என்கிறார்கள்!

பாதமும் மரத்திருப்பதால் ஒரு கூத்து நடந்தது. மத்தியானம் பிராகாரம் சுற்றினேன், கல் சுடுவதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம். இப்போது வெயிலுக்கு முன்னாலேயே போய்விடுகிறேன், குருக்கள் சாக்ஸுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். கோயிலைச் சுத்தம் செய்கிற உழவாரக் குழுவில் புல் பறிக்க மட்டும் விடுகிறார்கள். குடம் தூக்கப் போனால் எல்லாரும் சேர்ந்து கத்துகிறார்கள், தையல் பிரிந்து குடல் பிதுங்கிவிடுமாம்.

இப்போது உன் விஷயம். பாலு வந்திருந்தான். பொங்கலிலிருந்து உனக்கு மூலமாம், ரத்தம் போகிறதாம், துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாயாம், கோமதிக்குத் தெரியாதாம். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சம்பந்தம். எனக்கும் ஒரு டாக்டர் மூலம் என்றுதான் களிம்பு எழுதிக் கொடுத்தார், விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. உனக்கு மூலமாகவே இருக்கலாம். நிறையப் பேருக்கு அதுதான். ஆனால் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து நீயும் சொல்ல முடியாது, பாலுவும் சொல்ல முடியாது. கொலனோஸ்கோபி செய்துகொள், ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பார்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் பாலிப் என்ற சின்ன மருவாகத்தான் தொடங்குமாம், முற்றப் பல வருஷம் பிடிக்குமாம். மருவாக இருக்கும்போது பார்த்தால் அந்தக் குழாய் வழியாகவே கத்தரித்து எடுத்துவிடுவார்கள். பையும் கிடையாது, பம்பும் கிடையாது. வெட்கமா? அய்யனார் தோப்பில் நீ நின்ற கோலத்தைப் பார்த்தவன் நான், என்னிடம் வெட்கப்படாதே. முதல் நாள் ராத்திரி குடிக்கக் கொடுக்கிற உப்புத்தண்ணீர்தான் கொடுமை, எலுமிச்சம்பழம் அனுமதித்தால் பிழிந்துகொள். மற்றபடி தூக்க ஊசி போட்டுவிடுவார்கள், ஒன்றும் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் எந்தத் தேதி, எந்த டாக்டர் என்று எனக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் புதன்கிழமை காலையில் கோமதிக்கு நானே போன் போடுவேன். எண்ணை எனக்குப் பதிலாக உன் தங்கச்சி அழுத்துவாள்.

உன்,
கணேசன்